தலைப்புப் பக்க முகவரிகள்: வடசென்னையில் நான்கு நாள்

எங்கள் ஊர் வாசகசாலையில் நான்கு தட்டு காலி. கலை, வாழ்க்கை வரலாறு, வீடு, மனம் என்று அட்டையில் எழுதி ஒட்டியாயிற்று, புத்தகம்தான் வேண்டும். கையில் 6,000 ரூபாய். இரண்டு பேர் கிளம்பினோம். ஒரே ஒரு கட்டுப்பாடு: இன்றும் அச்சில் இருக்கும் நூலைத் தொடுவதில்லை. அதைத் தபாலில் வரவழைத்துக்கொள்ளலாம். மறுபதிப்பே வராததைத் தேடத்தான் பழைய புத்தகக் கடைக்குப் போக வேண்டும்.

ஆகஸ்ட் 7, வியாழன். அல்லிக்குளம், பாரிமுனை

காலை பத்தரைக்கே சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. சென்ட்ரல் பக்கம் காற்று அசையவில்லை.

மூர் மார்க்கெட் 1900இல் திறந்தது, 1985 மே மாதம் எரிந்தது. அங்கே இருந்த பழைய புத்தகக்காரர்கள் ரிப்பன் மாளிகைக்குப் பின்னால் அல்லிக்குளம் வளாகத்துக்கு வந்தார்கள். இன்று முன்வரிசையில் அடுக்கியிருப்பதெல்லாம் மருத்துவம், பொறியியல், போட்டித் தேர்வு. அதைப் பார்த்துத் திரும்பிவிடக் கூடாது. நமக்கு வேண்டியது மேல்தட்டில் சணல் கட்டோடு கிடக்கும்.

கேட்கும் விதம் முக்கியம். "கலைப் புத்தகம் இருக்கா?" என்றால் வழுவழு தாளில் ஆங்கிலப் படப்புத்தகம்தான் இறங்கும். "பழைய மலர் இருக்கா? பிரிக்காத லாட் ஏதாவது வந்திருக்கா?" என்று கேட்க வேண்டும். ஒரு வீட்டைக் காலி செய்யும்போது மொத்தமாக வருவதுதான் லாட். அதில் ஒரே குடும்பத்தின் சமையல் குறிப்பும், பையன் எழுதிய ஓவியத் தேர்வுக்கான நூலும், தாத்தாவின் நினைவு மலரும் ஒன்றாக இருக்கும். பிரித்து வகைப்படுத்திவிட்டால் பாதி போய்விடும்.

கடைக்காரர் ஸ்டூல் இரண்டு இழுத்துப் போட்டார். "உக்காந்து பாருங்க சார். நின்னுக்கினு பாத்தா பொஸ்தகம் கண்ணுல படாது." உண்மைதான். நிற்பவர் முதுகுப் பெயரை மட்டும் பார்ப்பார். உட்கார்ந்தவர் புரட்டுவார்.

ஆண்டு போடாத நூல்தான் இங்கே அதிகம். காலத்தை ஊகிக்க நாங்கள் பார்ப்பது இவ்வளவு. விலை அணாவில் இருந்தால் பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முந்தியது. "ந.பை." (நயா பைசா) என்று இருந்தால் 1957க்கும் 1964க்கும் இடையில், 'நயா' என்ற சொல் 1964 ஜூனில் கழன்றது. முகவரியில் "சென்னை-1" என்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் 1972க்கு முந்தியது, ஆறு இலக்கப் பின்கோடு வந்தது அந்த ஆண்டு ஆகஸ்ட் 15இல். எழுத்தின் முன்னால் யானைத் துதிக்கைபோல் வளைவு போட்ட பழைய 'லை', 'னை' இருந்தால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தியது என்று நினைக்கலாம், ஆனால் பழைய எழுத்தை விடாமல் வைத்திருந்த அச்சகங்களும் உண்டு. எனவே இதை ஒற்றைச் சாட்சியாகக் கொள்ளக் கூடாது. தமிழ் வருஷப் பெயர் மட்டும் இருந்தால் 60 ஆண்டுச் சுற்று இடறிவிடும். 'பிரபவ' என்றால் 1867-68ஆ, 1927-28ஆ என்பதைத் தாளும் எழுத்தும்தான் சொல்லும்.

நகல் அச்சா, ஈய எழுத்தா என்று அறிய ஒரு பக்கத்தின் பின்புறத்தை விரல் நுனியால் தடவினால் போதும். ஈய எழுத்து தாளை அழுத்தியிருக்கும், மேடு தட்டும்.

மாலையில் பாரிமுனை நடைபாதையில் ஒரு சறுக்கல். கல்லூரிப் படிப்புக்காக 1960களில் வந்த உளநூல் ஒன்று, கெட்டி அட்டை, 80 ரூபாய். முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் சரியாக இருந்ததால் வாங்கிவிட்டோம். பெரியமேடு லாட்ஜில் விரித்தால் 96க்கு அடுத்து 113. டெமி என்ற நூல் அளவில் 16 பக்கம் சேர்த்து மடித்துத் தைத்தது ஒரு பாரம். தாள் கிழிந்தால் இரண்டு பக்கம் போகும், தையல் அறுந்தால் பாரமே போகும். போனது ஏழாவது பாரம். ஒவ்வொரு பாரத்தின் முதல் பக்கத்திலும் அடியில் சின்ன எண் ஒன்று இருக்கும்: 1, 17, 33, 49ஆம் பக்கங்களில் 1, 2, 3, 4 என்று. அதை மட்டும் ஓட்டிப் பார்க்க அரை நிமிடம் ஆகாது. அதைச் செய்யவில்லை.

இரவு இரண்டாவது கடற்கரைச் சாலையில் அத்தோ. பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் கொண்டுவந்த சாப்பாடு. நூடுல்ஸ், கோஸ், பொரித்த வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், பூண்டு எண்ணெய், எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து கொடுக்கிறார்கள். தட்டு 90 ரூபாய். வாழைத்தண்டு சூப் கூடவே வரும், கேட்டால் இன்னொரு கரண்டி. பக்கத்தில் நின்றவர் எங்கள் தட்டைப் பார்த்துவிட்டு, "மொதல்ல சூப்ப குடிக்காதீங்கண்ணே, நடுவுல நடுவுல ஊத்திக்கினு சாப்புடுங்க" என்றார். அப்படித்தான் ருசிக்கிறது.

ஆகஸ்ட் 8, வெள்ளி. அரண்மனைக்காரன் தெரு, தங்கசாலை, கொண்டித்தோப்பு

நடைபாதைக்காரரிடம் காலையிலேயே போனோம். புத்தகத்தைத் திருப்பி வாங்கவில்லை. "பாரம் போனது எனக்கே தெரில சார், வெச்சுக்குங்க" என்று 40 ரூபாயை எடுத்துக் கையில் வைத்தார். வாக்குவாதம் இல்லை. அந்தப் பதினாறு பக்கம் இல்லாவிட்டாலும் நூல் தட்டுக்குத் தேறும், கடைசியில் இருக்கும் கலைச்சொல் பட்டியல் முழுசாக இருக்கிறது.

மனம் என்ற தட்டுக்குத் தேடும்போது ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். கடைக்காரரிடம் 'உளவியல்' என்று மட்டும் சொன்னால் பழைய நூல்கள் தப்பிவிடும். மனோதத்துவம், மனத்தத்துவம், உளநூல் என்று பெயர் மாறி மாறி வந்திருக்கிறது. மனோவசியம், மெஸ்மெரிசம் என்ற பெயரில் வந்த சின்ன வெளியீடுகளும் அதே கட்டில் கிடக்கும். அவற்றையும் எடுத்தோம், மனதைப் பற்றி மக்கள் என்ன நம்பினார்கள் என்பதற்கு அவை சாட்சி. ஆனால் அட்டையின் உள்பக்கம் "மருத்துவக் குறிப்பாகப் பின்பற்ற வேண்டாம்" என்று சீட்டு ஒட்டித்தான் தட்டில் வைப்போம். மனநோய்க்கு மருந்து சொல்லும் பக்கங்கள் அவற்றில் இருக்கின்றன, வாசகசாலைக்கு எல்லாரும் வருவார்கள்.

இன்றைய நடை முழுவதும் நூல்களின் தலைப்புப் பக்கத்தில் இருக்கும் பதிப்பக, அச்சக முகவரிகளை வைத்துத்தான். வடசென்னையில் புத்தகம் தேடுகிறவருக்கு இதைவிட நல்ல வரைபடம் கிடையாது. நேற்று வாங்கிய பன்னிரண்டு நூலில் ஏழின் முகவரி ஜார்ஜ் டவுனைச் சுற்றித்தான்.

அரண்மனைக்காரன் தெருவில் ஆர்மீனியன் தேவாலயம். உலகின் முதல் ஆர்மீனிய மொழி இதழ் 'அஸ்தரார்' 1794இல் அச்சானது இந்தச் சென்னையில்தான். பிரகாசம் சாலைக்குத் திரும்பினால், கழகப் பதிப்புகளின் முதல் பக்கத்தில் பார்த்துப் பழகிய தெரு. 1920இல் திருநெல்வேலியில் தொடங்கிய சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகம் சென்னையில் இருந்தது இங்கே. அந்தக் கழகம் 1958இல் மறைமலை அடிகள் நூலகத்தைத் திறந்தது பக்கத்து லிங்கிச் செட்டி தெருவில். கழகத்தின் காலிகோ துணி அட்டை போட்டுக் கட்டிய நூல் கிடைத்தால் யோசிக்காமல் எடுக்கலாம். தையல் இறுக்கம், அறுபது ஆண்டுக்குப் பிறகும் விரித்து வைத்தால் தானே மூடுவதில்லை.

ஆடி வெள்ளி. தங்கசாலைத் தெரு முழுக்க வேப்பிலையும் மஞ்சளும். மாட்டு வண்டி அகலத்துக்கு மிஞ்சாத சந்துகளில் தள்ளுவண்டி, ஸ்கூட்டர், துணி மூட்டை. பெயருக்குக் காரணமான நாணயச்சாலை மூடிப் பல காலம் ஆகிவிட்டது, அந்த வளாகத்தில் இன்று அரசு மைய அச்சகம். ஆறுமுக நாவலரின் வித்தியாநுபாலன யந்திரசாலை இருந்ததும் இந்தத் தெருதான். ஏழுகிணறு வீராசாமி தெருவில் வள்ளலார் வாழ்ந்த வீடு. திருவருட்பா முதலில் நூலானது 1867இல். நெய் வழிந்த பொடி இட்லி சௌகார்பேட்டையில், இரண்டு பேருக்கு 180 ரூபாய். எச்சில் இலையை எடுக்க வந்த அம்மா, புத்தகக் கட்டைப் பெஞ்சில் வைத்ததைப் பார்த்து, "நெய் பட்டுரும் கண்ணு, மடில வெச்சுக்கோ" என்றார்.

கொண்டித்தோப்பு வெங்கட்ராமர் தெரு. பெரிய எழுத்துக் கதைகள் வாங்கிய எல்லார் வீட்டிலும் இந்த முகவரி இருந்திருக்கும்: பி. இரத்தின நாயகர் ஸன்ஸ், திருமகள் விலாச அச்சகம். ஒருவர் விளக்கடியில் உட்கார்ந்து உரக்கப் படிக்க, மற்றவர் சுற்றி உட்கார்ந்து கேட்க ஏற்ற எழுத்து அது. இந்த வகை நூல்களை நாங்கள் கதைக்காக எடுக்கவில்லை, படத்துக்காக எடுத்தோம். கலைத் தட்டுக்கு. கோட்டுப் படங்களை அருகில் வைத்துப் பாருங்கள். நிழலே கிடையாது, எல்லாம் குறுக்குக் கோடு. அரசன் என்றால் ஒரு நாற்காலி, ஒரு திரைச்சீலை, ஒரு மீசை. ஒரு கதையில் வந்த அரசி அடுத்த கதையில் வேறு பெயரில் வருவாள், படத்தை அச்சடிக்கும் பிளாக் ஒன்றுதான். பிளாக்கின் வலது மூலை தேய்ந்து கோடு உடைந்திருப்பதை வைத்து எது முந்திய அச்சு, எது பிந்தியது என்று சொல்லிவிடலாம். மூன்று பிரதியை வரிசையாக வைத்தோம். முதல் பிரதியில் அரசியின் வளையல் ஐந்து. மூன்றாவதில் ஒரே கறுப்புப் பட்டை.

பக்கத்துச் சந்தில் ஒரு பைண்டிங் கடை. மெல்லிய வெளியீடுகளுக்குக் கேடு மடிப்பில் அடித்த கம்பிப் பின்தான். கடல் ஒரு கூப்பிடு தூரத்தில், உப்புக் காற்றில் பின் துருப்பிடிக்கிறது, துரு தாளைத் தின்று, மடிப்பில் இரண்டு பழுப்பு ஓட்டை விழுகிறது. பின்னை இழுக்கக் கூடாது. நடுப் பக்கத்தை விரித்து, மழுங்கிய கத்தியால் இரண்டு காலையும் நிமிர்த்தி, முதுகுப் பக்கமிருந்து தள்ளி எடுக்க வேண்டும். பிறகு மடிப்பில் மூன்று துளை. ஊசியை உள்ளிருந்து நடுத்துளையில் வெளியே விட்டு, மேல்துளையில் உள்ளே வந்து, நடுவைத் தாண்டிக் கீழ்த்துளையில் வெளியே போய், மறுபடி நடுவில் உள்ளே வந்து, நீண்ட நூலுக்கு இரு பக்கமும் முனை நிற்கும்படி முடிச்சு. பருத்தி நூல்தான். நைலான் தாளை அறுக்கும்.

பசை விஷயத்தில் மட்டும் அவரோடு ஒத்துப்போகவில்லை. மைதா ஒரு பங்கு, தண்ணீர் ஐந்து பங்கு, மெல்லிய தீயில் கண்ணாடிபோல் ஆகும்வரை கிளறுகிறார், அது சரி. கூடவே பூச்சி வராமலிருக்க மயில்துத்தம். அது விஷம், அதிலுள்ள செம்பு பழைய தாளை மெல்ல மெல்லப் பொடியாக்கும். அது இல்லாமல் புதுப் பசை காய்ச்சச் சொன்னோம். "பூச்சி வந்தா என்னைச் சொல்லாதீங்க சார்" என்றார், ஆனாலும் காய்ச்சினார். ஒரு நூலுக்கு 35 ரூபாய், பதினொரு நூல்.

ஆகஸ்ட் 9, சனி. பட்டாளம், பெரம்பூர்

இன்று பழைய பேப்பர் கடைகள். நுழைந்ததும் கேட்கிறார்கள்: "கிலோ கணக்கா, பொஸ்தகக் கணக்கா?" மெல்லிய வெளியீடு என்றால் கிலோ, கெட்டி அட்டை என்றால் புத்தகக் கணக்கு என்று சொல்லிவிட வேண்டும். நாங்கள் போன இரண்டு கடையிலும் கிலோ 40 ரூபாய். அவர்கள் வீடுகளில் எடுப்பது அதற்கு மிகக் கீழே. அதைப் பற்றிப் பேரம் வேண்டாம். தரம் பிரித்து, நனையாமல் வைத்திருப்பதற்குக் கூலி அது.

வாழ்க்கை வரலாறு என்றால் அட்டையில் தலைவர் படம் இருக்க வேண்டும் என்ற எண்ணம் இந்தக் கடைகளில் கரைந்துவிடும். பதினாறாம் நாள் காரியத்துக்கு அச்சடித்த நினைவு மலர்கள், பணி நிறைவுப் பாராட்டு மலர்கள், பள்ளி ஆண்டு மலர்கள், தொழிற்சங்க மாநாட்டு மலர்கள். 16 பக்கமோ 32 பக்கமோதான். ஆலையில் எந்த ஆண்டு சேர்ந்தார், எந்த வேலைநிறுத்தத்தில் எத்தனை நாள் வீட்டில் இருந்தார், மகளுக்கு எந்த ஊரில் சம்பந்தம் செய்தார், எல்லாம் இருக்கும். கடைசிப் பக்க விளம்பரங்களைக் கிழிக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும். எந்தத் தெருவில் எந்தக் கடை இருந்தது என்பதற்கு வேறு ஆவணம் கிடைக்காது. இப்படி 23 மலர் கிடைத்தது, எடை மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் அதிகம்.

பெரம்பூரில் இதற்கு அர்த்தம் கூடுதல். 1918 ஏப்ரல் 27இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது இங்கே, பக்கிங்காம் கர்நாட்டிக் ஆலைத் தொழிலாளர்களை வைத்து. அந்த ஆலை 1996இல் மூடியது. அந்தச் சங்கத்தோடு நின்ற திரு.வி.க.வின் 'வாழ்க்கைக் குறிப்புகள்' 1944இல் வந்தது. ஒரு கடையில் அதன் பழைய பிரதி ஒன்றைக் காட்டினார்கள். மறுபதிப்பில் கிடைப்பது என்பதால் விட்டுவிட்டோம், மனமில்லாமல்தான். ஆனால் அந்தப் புத்தகத்தின் மறுபக்கத்தை, மேடைக்கு எதிரே தரையில் உட்கார்ந்திருந்தவர்களின் வாழ்க்கையை, அந்த 23 மலரில் எடுத்தாயிற்று.

தாள் தரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மலிவுத் தாள் அரைத்த மரக்கூழில் செய்தது. அதிலுள்ள லிக்னினும், படிகாரம் போட்ட பசையும் சேர்ந்து அமிலமாகித் தாளை உடைக்கும். ஓரம் அடர் பழுப்பாகவும் நடு வெளிறியும் இருந்தால் இன்னும் தாங்கும். நடுவும் பழுத்து, புரட்டும்போது அப்பளம்போல் சத்தம் வந்தால், அது தட்டுக்கு ஆகாது. மூலையை மடித்துச் சோதிப்பவர்கள் உண்டு. வாங்காத புத்தகத்தில் அதைச் செய்வது அநியாயம்.

நாலேமுக்கால் மணிக்கு வானம் இருண்டது. ஐந்து நிமிடத்தில் பெரம்பூர் நெடுஞ்சாலையில் கணுக்கால் தண்ணீர். கோணிப்பையின் அடிப்பக்கம் நனைந்துவிட்டது. மலர்கள் மேலே இருந்ததால் பிழைத்தன. அடியில் இருந்தது 1950களின் தீபாவளி மலர் ஒன்று, வண்ணத் தட்டுகளுக்காகவே, அதாவது வண்ணப் படப் பக்கங்களுக்காகவே, 350 ரூபாய் கொடுத்து வாங்கியது. இந்தப் பயணத்தில் விலை கூடிய நூல் அதுதான்.

அந்தப் படங்கள் அச்சான ஆர்ட் பேப்பரின் பளபளப்பு வெள்ளைக் களிமண் பூச்சு. நனைந்தால் பூச்சு இளகி, எதிர்ப் பக்கத்தோடு சேர்ந்து பசையாகும். அப்படியே காய்ந்தால் மொத்த மலரும் ஒரே பலகை. அதன் பிறகு யாராலும் பிரிக்க முடியாது. ஆகவே காயவிடாமல், ஈரமாக இருக்கும்போதே பிரிக்க வேண்டும். உடனே முடியாவிட்டால் பாலிதீன் பையில் இறுக்கிக் கட்டி உறைபெட்டியில் வைத்து, வசதிப்படும்போது எடுத்துப் பிரிக்கலாம். செய்தித்தாளை இடையில் வைப்பது தப்பு, அதன் மை ஏறிவிடும். பட்டர் பேப்பர் வேண்டும்.

ஒதுங்கி நின்றதே ஒரு பேக்கரி வாசல். கேட்டதும் பையன் உள்ளே போய் 50 தாள் எண்ணிக் கொடுத்தான், 30 ரூபாய். மேசையைத் துடைத்து இடமும் கொடுத்துவிட்டார் முதலாளி. மூலையிலிருந்து குறுக்காக, தாளைத் தாளாகத் தூக்கி, இடையில் பட்டர் பேப்பர் செருகிக்கொண்டே போனோம். வண்ணத் தட்டு 24. ஒன்றரை மணி நேரம். மழை நின்றும் யாரும் எங்களை எழுப்பவில்லை. தேநீர் நான்கு, ஒன்று 15 ரூபாய், பன் பட்டர் ஜாம் இரண்டு.

ஆகஸ்ட் 10, ஞாயிறு. வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை

ஜார்ஜ் டவுன் கதவு சாத்திக் கிடக்கும் நாள். ஆனால் குடியிருப்புப் பகுதிப் பேப்பர் கடைகளுக்கு ஞாயிறு காலைதான் சரக்கு வரும் நேரம், வீட்டுக்காரர்கள் அலமாரியைக் காலி செய்வது அன்றைக்குத்தான். தியாகராயா கல்லூரி மெட்ரோவில் இறங்கி, எட்டரைக்கே போய்விட்டோம். தராசில் ஏறுமுன் பார்க்கக் கிடைத்தால் அதுவே பாதி வெற்றி.

வீடு என்ற தட்டு இன்று ஒரே நாளில் நிரம்பியது. சமையல், தையல், கோலம், குழந்தை வளர்ப்பு, மனையடி சாஸ்திரம், தோட்டம். எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' (1951) இரண்டு கடையில் இருந்தது. இன்றும் அச்சில் உள்ளது, விட்டுவிட்டோம். எடுத்தது மாதர் சங்கம், பள்ளி, எண்ணெய் வியாபாரி, மிக்சி விற்பனையாளர் என்று யார் யாரோ போட்ட குறிப்புப் புத்தகங்கள். பழைய குறிப்பில் அளவு வீசை, பலத்தில் இருக்கும். சென்னைக் கணக்கில் ஒரு வீசை 40 பலம், சுமார் 1,400 கிராம். ஒரு பலம் 35 கிராம். இந்த இரண்டு எண்ணை அட்டையில் எழுதி ஒட்டிவிட்டால் நூல் மறுபடி அடுப்படிக்குப் போகும்.

ஒரு ஊறுகாய்க் குறிப்பின் ஓரத்தில் பென்சில் எழுத்து: "உப்பு இவ்வளவு வேண்டாம். அத்தைக்கு ஆகாது." அதற்குக் கீழே வேறு கையெழுத்தில், நீல மையில்: "இப்போது போடலாம்." எண்ணெய் படிந்து அந்தப் பக்கம் கண்ணாடிபோல் ஆகியிருந்தது. பத்து ரூபாய்க்கு வந்த புத்தகம்.

தையல் நூல் எடுக்கும்போது பின்னட்டை உறையைத் திறந்து பார்க்க வேண்டும். வெட்டுப் படத் தாள் மடித்து அதில்தான் இருக்கும், பெரும்பாலும் இருக்காது. பார்த்த ஒன்பதில் இரண்டில்தான் இருந்தது. அரசு தொழில்நுட்பத் தேர்வுக்கான ஓவிய நூல்களிலும் இதே கதை, மாதிரிப் படங்களைப் பிள்ளைகள் கத்தரித்திருப்பார்கள். படப் பட்டியலோடு ஒப்பிட்டு எண்ணிவிட்டே விலை பேச வேண்டும்.

பதினொரு மணிக்குத் தெருமுனை அம்மன் கோயிலில் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். கேழ்வரகுக் கூழ், முருங்கைக்கீரை, கருவாட்டுக் குழம்பு, பச்சை வெங்காயம். பாத்திரம் இல்லை என்றோம். "தூக்கு எடுத்தாராம யார்னா கூழுக்கு வருவாங்களா? இந்தா சொம்பு, குடிச்சிட்டுக் குடு" என்று ஒரு பாட்டி தன் சொம்பையே நீட்டினார். வெயில் மறுபடி ஏறியிருந்தது. இரண்டு சொம்பு குடித்தோம்.

மூட்டை கட்டும் வேலை மதியம். மொத்தம் 94, செலவு 5,460 ரூபாய், பைண்டிங் உட்பட. பெரிய புத்தகம் படுக்கையாக அடியில், மலர்கள் அட்டைக்கு நடுவே நிமிர்த்தி, முதுகு கீழே. சணலை நேராகப் புத்தகத்தில் கட்டினால் அட்டை ஓரம் வெட்டுப்படும், நான்கு மூலைக்கும் மடித்த அட்டைத் துண்டு வைத்தோம். இராமபாணப் பூச்சியின் துளை இருந்த ஆறு நூலைத் தனியே பாலிதீனில் சுற்றியாயிற்று. ஊருக்குப் போனதும் அவற்றை அதே பையோடு மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம், வெளியே எடுத்தபின் ஒரு நாள் பையைப் பிரிக்காமல். முன்பே பிரித்தால் வெளிக்காற்றின் ஈரம் தாளில் இறங்கும்.

தீபாவளி மலரைக் கடைசியாகப் பார்த்தோம். இரவெல்லாம் மின்விசிறிக் காற்றில் விரித்து வைத்தது. 22 தட்டு பிரிந்து நிற்கிறது, ஓரம் லேசாக நெளிந்திருக்கிறது. நடுவில் இரண்டு, தாமரைக் குளமும் அதற்கு எதிர்ப் பக்கமும், மேல்மூலையில் ஒரு விரல்கடை அளவுக்கு ஒட்டிக்கொண்டுவிட்டன. இழுக்கவில்லை. அப்படியே பட்டர் பேப்பரில் சுற்றி, மேல்பெட்டியில், ஆடாத இடத்தில் வைத்தோம்.